இன்கா பாதையில் முதல் நடை: மச்சு பிச்சுவுக்கு வழிகாட்டியோடு போவது எப்படி?

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், இன்காக்கள் மலைமேல் கட்டிய பழைய நகரமான மச்சு பிச்சுவுக்கு ரயிலிலேயே போய்விடலாம். அடிவாரத்தில் அகுவாஸ் காலியென்டெஸ் என்ற சிற்றூரில் இறங்கி பஸ் பிடித்தால் அரை மணி நேரத்தில் வாசல் வந்துவிடும். அப்புறம் எதற்காக நான்கு நாள் நடக்க வேண்டும்? வழியில் இருக்கும் இடிபாடுகளுக்காகத்தான். இன்காக்கள் போட்ட கல் பாதையில், சுமார் 43 கி.மீ. தூரத்துக்குள், சின்னச் சின்ன ஊர்களும் சாவடிகளும் மலைச்சரிவை ஒட்டி வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை நடந்து போகிறவர்கள் மட்டுமே பார்க்க முடியும். மச்சு பிச்சுவை மட்டும் மனதில் வைத்துக் கிளம்பினால், முதல் மூன்று நாளும் எப்போது முடியும் என்றே இருக்கும்.

மலையேறிப் பழக்கம் இல்லாதவர்களும் போகலாம். கயிறு, கொக்கி எதுவும் தேவையில்லை. மெதுவாக நடக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

1. முதலில் தேதி, பெர்மிட்

இந்தப் பாதையில் தனியாக நடக்க அனுமதி இல்லை. உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்றின் வழியாக, வழிகாட்டியோடுதான் போக வேண்டும். நான்கு நாள் நடைக்கு ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதிலும் வழிகாட்டிகள், சமையல்காரர்கள், போர்ட்டர்கள் எல்லோரும் அடக்கம். பயணிகளுக்கு மிஞ்சுவது சுமார் 200 இடங்கள். மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு என்பதால் அந்த மாதங்களுக்கான பெர்மிட் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். பிப்ரவரியில் பராமரிப்புக்காகப் பாதையையே மூடிவிடுவார்கள். ஆகவே விமான டிக்கெட்டுக்கு முன்னால் பெர்மிட்டைப் போடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பெர்மிட் பாஸ்போர்ட் எண்ணோடு சேர்த்தே வரும்; வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. இனிஷியலோடு பெயர் எழுதுகிற நமக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாகவோ, அப்பா பெயராகவோ இருக்கும். படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் கொடுங்கள். இடையில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் நிறுவனத்துக்கு உடனே சொல்லிவிட்டு, பழையதையும் புதியதையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பெர்மிட் கிடைக்கவில்லையா? ரயில் பாதையில் கி.மீ. 104 என்று குறிக்கும் இடத்தில் தொடங்கும் இரண்டு நாள் குறும்பாதை இருக்கிறது. சால்கன்டாய் வழி என்று இன்னொன்றும் உண்டு. அதில் 4,600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், பனிமலை அழகாகத் தெரியும். ஆனால் இடிபாடுகள் இந்த அளவுக்கு இல்லை.

2. நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது

விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மற்றவர்களைவிட மிகக் குறைவாகக் கேட்கும் நிறுவனம் எங்கே மிச்சம் பிடிக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் போர்ட்டர்களின் கூலியிலும் சாப்பாட்டிலும்தான். கூடாரம், அடுப்பு, மேசை, நாற்காலி எல்லாவற்றையும் முதுகில் கட்டிக்கொண்டு நமக்கு முன்னால் ஓடிப் போய், நாம் வருவதற்குள் முகாம் போட்டு வைக்கிறவர்கள் அவர்கள். பெரும்பாலும் சுற்றுவட்டார மலைக்கிராமங்களைச் சேர்ந்த, கெச்சுவா பேசும் மக்கள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது விதி. சோதனைச் சாவடியில் எடை போட்டுப் பார்ப்பார்கள்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: போர்ட்டர்களுக்குத் தூங்கும் பை, தரமான காலணி கொடுக்கிறீர்களா? குழுவில் எத்தனை பேர்? வழிகாட்டியிடம் ஆக்சிஜன் உருளை இருக்குமா? எட்டுப் பேருக்கு மேல் போனால் இரண்டாவது வழிகாட்டி வர வேண்டும்.

சைவம் என்றால் முன்கூட்டியே எழுத்தில் சொல்லுங்கள். ஸ்பானிஷில் 'சின் கார்னே' (இறைச்சி வேண்டாம்) என்று மட்டும் சொன்னால் போதாது. கோழி அதில் சேராது என்று நினைக்கிறவர்கள் அங்கே உண்டு. 'சின் போயோ, சின் பெஸ்காடோ' என்று கோழி, மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள். சூப்பில் கோழிச்சாறு ஊற்றக் கூடாது என்பதையும் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

3. உடம்பைத் தயார் செய்வது

கிளம்புவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே படி ஏறி இறங்கிப் பழகுங்கள். லிப்டை மறந்துவிடுங்கள். பக்கத்தில் படிக்கட்டுள்ள மலைக்கோயில் இருந்தால் முதுகுப் பையில் நான்கைந்து கிலோ போட்டுக்கொண்டு வாரம் ஒருமுறை ஏறுங்கள். ஏறுவதைவிட இறங்கிப் பழகுவது முக்கியம். இன்கா பாதையில் முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்தான்.

4. உயரத்துக்குப் பழகுவது

விமானத்தில் நாம் போய் இறங்கும் குஸ்கோ நகரம் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து நேராகப் போய் இறங்கினால் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரலாம். நாள்தோறும் ஓடுகிறவருக்கும் வரும், சோபாவை விட்டு நகராதவருக்கும் வரும். விமானம் இறங்கியதும் குஸ்கோவில் தங்காமல், சற்றுத் தாழ்வாக 2,800 மீட்டர் அளவில் இருக்கும் உருபாம்பா அல்லது ஒயாந்தைதாம்போவுக்குப் போய்விடுவது நல்லது. நடைக்கு முன் குறைந்தது இரண்டு முழு நாளாவது இந்த உயரத்தில் கழியட்டும். நிறைய தண்ணீர், லேசான சாப்பாடு, மது வேண்டாம். அசெட்டசோலமைடு மாத்திரை பலருக்கு உதவுகிறது, ஆனால் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கோகா இலைத் தேநீர் எல்லா விடுதியிலும் கொடுப்பார்கள். பெருவில் அது சட்டப்படி சரி. குடியுங்கள், ஆனால் இலையையோ தேநீர்ப் பையையோ ஊருக்குக் கொண்டு வராதீர்கள். இந்தியாவில் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது தெரிந்தால் வழிகாட்டியிடம் உடனே சொல்லுங்கள். சமாளித்துக்கொள்ளலாம் என்று மறைக்கக் கூடாது. மருந்தைத் தேடுவதைவிடக் கீழே இறங்குவதுதான் முக்கியம்.

5. பை

நமக்கென்று ஒரு போர்ட்டர் தூக்கும் பை வழக்கமாக 7 கிலோ, தூங்கும் பையும் அதில் சேர்த்தி. தோளில் நாம் சுமக்கும் சிறு பையில் மழை அங்கி, கம்பளிச் சட்டை, தண்ணீர், தொப்பி, தலைவிளக்கு, கழிப்பறைக் காகிதம், பாஸ்போர்ட். மழை குறைந்த மாதங்களிலும் மழை வரும். ஊன்றுகோலுக்கு ரப்பர் முனை கட்டாயம்; இரும்பு முனை பழைய கல்லைப் பெயர்த்துவிடும் என்பதால் விடமாட்டார்கள். டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முகாம்களில் பெரும்பாலும் குத்தவைத்து உட்காரும் கழிப்பறைதான். வெளிநாட்டவர் புலம்பும் இந்த ஒரு விஷயத்தில் நமக்குக் கவலையே இல்லை.

6. நடை, நாள் வாரியாக

முதல் நாள் கி.மீ. 82-இல் பாஸ்போர்ட்டைக் காட்டி, உருபாம்பா ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தொடங்கும். பெரிய ஏற்றம் இல்லை. படாயாக்டாவின் வளைந்த படிக்கட்டு வயல்களை மேலிருந்து பார்த்துவிட்டுப் போகலாம்.

இரண்டாம் நாள்தான் கடினம். சுமார் 3,000 மீட்டரிலிருந்து 4,215 மீட்டர் வரை ஏறி வார்மிவானுஸ்கா கணவாயைத் தாண்ட வேண்டும். பயணத் தாளில் இதை 'டெட் வுமன்ஸ் பாஸ்' (இறந்த பெண்ணின் கணவாய்) என்று போட்டிருப்பார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கீழிருந்து பார்த்தால் மலைமுகடு படுத்திருக்கும் பெண்ணைப் போலத் தெரியும் என்பதுதான் காரணம். பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். வேகமாக ஏறி நின்று, மறுபடி வேகமாக ஏறுவது உடம்பைச் சீக்கிரம் சோர்வாக்கும். போர்ட்டர்கள் வந்தால் மலைப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள், பள்ளத்துப் பக்கம் நிற்காதீர்கள். கணவாய்க்கு அப்பால் இறங்கும்போது காலைப் பக்கவாட்டில் வைத்துச் சிறு சிறு அடியாக இறங்கினால் முட்டி தப்பிக்கும்.

மூன்றாம் நாளுக்காகத்தான் நான் இந்தப் பாதையைச் சிபாரிசு செய்கிறேன். காலையில் ருன்குராக்காய் என்ற வட்டமான கட்டடம். இரண்டாவது கணவாயைத் தாண்டியதும் சாயக்மார்க்கா. மூன்று பக்கம் பள்ளம் விழும் பாறை முனையில், ஒடுங்கிய செங்குத்துப் படி வழியாகத்தான் ஏற முடியும். களைப்பில் சிலர் கீழேயே உட்கார்ந்துவிடுவார்கள். நீங்கள் ஏறுங்கள். அதற்குப் பிறகு வரும் பாதையில் காலடியைக் கவனித்துப் பாருங்கள்: பள்ளத்துப் பக்கம் கல்லை அடுக்கித் தூக்கி, மேலே பட்டைக் கல் பாவியிருக்கிறார்கள். ஓரிடத்தில் பாறையையே குடைந்து படி வெட்டியிருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் இன்றைய ஆறு நாடுகளில் 30,000 கி.மீ. அளவுக்குப் பரவிய இன்கா சாலைகளில் இது ஒரு துண்டு. அந்தச் சாலை அமைப்பு 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

புயுபட்டமார்க்காவில் அடுத்தடுத்து இறங்கும் கல் தொட்டிகளைப் பாருங்கள். மாலையில் வின்யாய் வைனா: செங்குத்துச் சரிவில் வளைந்து வளைந்து இறங்கும் வயல் படிகள், நடுவே வரிசையாக நீர்த்தொட்டிகள். முகாமிலிருந்து சில நிமிட நடைதான். இருட்டுவதற்குள் போய்விடுங்கள்.

அன்று மாலையே டிப்ஸ் கொடுப்பது வழக்கம். அதற்குப் பெரு நாணயமான சோலில் சில்லறை நோட்டுகளைக் குஸ்கோவிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் மூன்று, மூன்றரை மணிக்கு எழுப்பிவிடுவார்கள். போர்ட்டர்கள் முகாமைப் பிரித்து விடிகாலை ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். சோதனைச் சாவடி ஐந்தரை மணி வாக்கில் திறந்ததும் எல்லோரும் இன்டி புன்கு என்ற சூரிய வாசலுக்கு ஓடுவார்கள். ஓடாதீர்கள். பாதை ஈரமாக இருக்கும், ஒரு பக்கம் பள்ளம், கடைசியில் கையை ஊன்றி ஏறும் படிகள் வேறு. முந்திப் போனவர்களுக்கும் பல நாள் மேகம்தான் தெரியும். அரை மணி நேரம் பொறுத்தால் விலகவும் கூடும்.

7. மச்சு பிச்சுவில்

வளாகத்துக்குள் கழிப்பறை இல்லை; வாசலிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். பெரிய பையை அங்கே ஒப்படைக்க வேண்டும். டிக்கெட்டில் போட்டிருக்கும் சுற்று வழியில்தான் போகலாம், திரும்பி வர விடமாட்டார்கள். வைனா பிச்சு சிகரம் ஏற ஆசை இருந்தால் அதற்குத் தனி டிக்கெட். பெர்மிட் போடும்போதே கேட்டுவிடுங்கள். நான்கு நாள் நடந்த காலுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. திரும்பும் ரயிலை மட்டும் மதியத்துக்குப் போடாமல் மாலைக்குப் போடுங்கள். பஸ் வரிசையே சில நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும், கீழே போய்ப் போர்ட்டர் கொண்டு வந்த பையையும் வாங்க வேண்டும்.