ஒரே செய்தி, இரண்டு நாளிதழ்கள்: டேப்ளாய்டையும் பிராட்ஷீட்டையும் ஒப்பிடுவது எப்படி?

பிரிட்டனில் சிறிய தாளில் வரும் பரபரப்பு நாளிதழை டேப்ளாய்டு என்றும், பெரிய தாளில் விரிவாக எழுதும் நாளிதழை பிராட்ஷீட் என்றும் சொல்வது மரபு. இவற்றை ஒப்பிட்டு எழுதச் சொன்னால், "டேப்ளாய்டு பாமரருக்கு, பிராட்ஷீட் படித்தவருக்கு" என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள். அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள். வாசகர் அன்று காலை எதைத் தேடி வருகிறார் என்று ஒவ்வொரு நாளிதழும் ஒரு கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கைப் பக்கத்திலிருந்தே படித்தெடுப்பதுதான் நம் வேலை.

படி 1: இதழ்களைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு பக்கம் டேப்ளாய்டுகளான தி சன் அல்லது டெய்லி மிரர், மறுபக்கம் பிராட்ஷீட்டான டெய்லி டெலிகிராஃப். இரண்டும் ஒரே தேதியில் வெளிவந்தவையாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். டேப்ளாய்டு என்பது முதலில் மருந்துத் துறைச் சொல். 1884-இல் பரோஸ் வெல்கம் நிறுவனம் அழுத்திச் செய்த மாத்திரைகளுக்குப் பதிவுசெய்த வணிகப்பெயர் அது. பிறகு சுருக்கித் தரப்படும் எதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, நாளிதழுக்கும் வந்தது. இன்று தாளின் அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். தி டைம்ஸ் 2004-இல் சிறிய அளவுக்கு மாறியது. தி கார்டியன் 2018-இல் மாறியது. இரண்டும் எழுதும் முறையில் இன்றும் பிராட்ஷீட் மரபைச் சேர்ந்தவைதான். அதனால் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

படி 2: இரண்டிலும் உள்ள ஒரே செய்தியைப் பிடியுங்கள்

ஒன்றில் நடிகரின் திருமணத்தையும் மற்றதில் பட்ஜெட்டையும் எடுத்தால் ஒப்பீடே நடக்காது. முகப்பில் கிடைக்காவிட்டால் உள்பக்கங்களில் தேடுங்கள். ஒரே செய்தி ஒன்றில் முதல் பக்கத்திலும் மற்றதில் ஒன்பதாம் பக்கத்திலும் இருந்தால், அதுவே உங்கள் முதல் குறிப்பு.

படி 3: தலைப்பை அக்கக்காகப் பிரியுங்கள்

அதிக நேரம் இங்கேதான் செலவழிக்க வேண்டும். பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நானே எழுதிய இரண்டு தலைப்புகள் இதோ:

"எகிறுது வீட்டுக் கடன் தவணை!"

"பணவீக்க அச்சம்: வட்டி விகிதத்தை உயர்த்தியது பேங்க் ஆஃப் இங்கிலாந்து"

முதல் தலைப்பில் வங்கியே இல்லை, வாசகரின் பாக்கெட்தான் இருக்கிறது. இரண்டாவதில் யார் முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பது இருக்கிறது. முதலாவது "எனக்கு என்ன ஆகும்?" என்று கேட்பவருக்கு, இரண்டாவது "ஏன் இப்படி நடந்தது?" என்று கேட்பவருக்கு. இரண்டுமே நியாயமான கேள்விகள்.

உணர்ச்சியைத் தூண்டும் தலைப்பு எல்லை மீறுவதும் உண்டு. 1982 மே மாதம், பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடந்த ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் பெல்கிரானோ போர்க்கப்பல் தாக்கப்பட்டபோது தி சன் 'காட்சா' என்று ஒற்றைச் சொல்லில் தலைப்பிட்டது. 'மாட்டினாயா!' என்று கொண்டாடும் தொனி. அந்தக் கப்பலில் இறந்தவர்கள் 323 பேர். உயிரிழப்பு பெரிதாக இருக்கும் என்று தெரியவந்ததும், பிந்தைய பதிப்புகளில் தலைப்பை மாற்றினார்கள். வாசகரை "நாம்" என்று ஒரு அணியில் சேர்க்கும் சொல், எதிரே இருப்பவரை மனிதராகப் பார்க்காமல் செய்துவிடலாம். இப்படிப்பட்ட சொல் கண்ணில் பட்டால் அடிக்கோடிடுங்கள்.

படி 4: முதல் மூன்று பத்திகளில் யார் பேசுகிறார்கள்?

டேப்ளாய்டில் பெரும்பாலும் பாதிக்கப்பட்ட ஒருவர் சீக்கிரமே வந்துவிடுவார், வயதோடும் படத்தோடும். பிராட்ஷீட்டில் அமைச்சரோ பொருளாதார நிபுணரோ முதலில் வருவார்கள். வாக்கியங்களின் சொற்களையும் எண்ணிப் பாருங்கள். சின்ன வேலைதான், ஆனால் "நடை எளிமையானது" என்று சும்மா எழுதுவதைவிட "சராசரியாக இத்தனை சொற்கள்" என்று எழுதினால் ஆதாரம் கையில் இருக்கும்.

படி 5: விளம்பரங்களைப் புரட்டுங்கள்

பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. பிரிட்டனில் வாசகர்களைத் தொழில் அடிப்படையில் மேல்தட்டிலிருந்து கீழ்நோக்கி ஏ, பி, சி1, சி2, டி, இ என்று வகைப்படுத்தும் பழக்கம் விளம்பரத் துறையில் நெடுங்காலமாக இருக்கிறது. விளம்பரம் கொடுப்பவர் தன் பணத்தை வைத்தே வாசகர் யார் என்று ஊகிக்கிறார். சூப்பர்மார்க்கெட் தள்ளுபடியா, முதலீட்டுத் திட்டமா என்று பாருங்கள்.

படி 6: எழுதுங்கள்

ஒவ்வொரு கருத்துக்கும் மூன்று துண்டுகள் தேவை: பக்கத்தில் என்ன இருக்கிறது, அது என்ன செய்கிறது, எந்த வாசகரின் எந்தத் தேவைக்கு. மூன்றாவது இல்லாவிட்டால் அது வெறும் வர்ணனைதான்.

சரி, எழுதி முடித்ததும் ஒரு சோதனை. அதே நாளின் டெய்லி மெயிலை எடுங்கள். 1971-இல் டேப்ளாய்டு அளவுக்கு வந்த இதழ் அது. ஆனால் ரெட் டாப் என்று அழைக்கப்படும், சிவப்புப் பெயர்ப்பட்டை கொண்ட தி சன், மிரர் வகையிலும் அது சேராது, டெலிகிராஃப் வகையிலும் சேராது. உங்கள் குறிப்புகளை வைத்து அது எந்த வாசகரை அழைக்கிறது என்று சொல்ல முடிகிறதா? முடியவில்லை என்றால் மூன்றாம் படிக்கே திரும்பிப் போய், அதன் தலைப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.