மரத்துக்குப் பக்கத்தில் அல்லிக்குளம் வெட்டும்போது வேரைக் காப்பாற்றுவது எப்படி?

அல்லிக்குளம் வெட்டுகிறவர்கள் எல்லோரும் தண்ணீர் கசியுமா என்றுதான் கவலைப்படுகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் பக்கத்து மாமரம் நுனிக்கிளை காயத் தொடங்கும்போது யாருக்கும் குளம் நினைவுக்கு வருவதில்லை. நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணில் 2 அடிக்குள்தான் ஓடுகிறது. குளத்துக்கு நாம் தோண்டும் ஆழமும் அதேதான்.

முதலில் தூரம். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அங்குலத்தில் அளந்து 3.14-ஆல் வகுங்கள். வரும் எண் எத்தனையோ அத்தனை அடி தள்ளித்தான் குளத்தின் கரை வரவேண்டும். 38 அங்குலச் சுற்றளவுள்ள வேம்பு என்றால் 12 அடி. தென்னைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் வேர்கள் தூரிலிருந்து எல்லாப் பக்கமும் 2 மீட்டர் தூரம் வரை அடர்ந்திருக்கும். வட்டப்பாத்தி போடுகிற அந்த இடத்தில் கை வைக்கவே கூடாது. மட்டையும் நெற்றும் விழுந்து, தண்ணீர் கசியாமல் இருக்கக் குளத்துக்குள் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்கும் என்பதால் இன்னும் தள்ளிப் போவது நல்லது. ஆல், அரசு, மூங்கில் அருகே குளமே வேண்டாம். கறிவேப்பிலை வேரில் வெட்டுப்பட்டால் அங்கிருந்து கன்று கிளம்பி ஷீட்டை முட்டும்.

இடமே இல்லையா? தோண்டாதீர்கள். 3 அடி அகலக் கிணற்று உறையைத் தரைமேலேயே வைத்து, அடியைச் சிமென்டால் பூசி, அதன் சுண்ணாம்புக் காரம் போக நாலைந்து முறை தண்ணீர் மாற்றினால் அல்லி அருமையாக வளரும். அந்தக் காரத் தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

தோண்டுவதற்குத் தை, மாசி நல்ல காலம்: மழை நின்றிருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. மாமரத்துக்கு மட்டும் அது பூக்கும் பருவம். பூவும் பிஞ்சும் கொட்டிவிடும் என்பதால் அறுவடை முடிந்து ஆவணியில் வெட்டுங்கள்.

இரண்டு நாள் முன்பே மரத்துக்கு நன்றாகத் தண்ணீர் பாய்ச்சுங்கள். குளத்தின் வடிவத்தைக் கயிறு போட்டுக் குறிப்பதற்கு முன், மரத்தைப் பார்த்த பக்கம் 1 அடி அகலம், 2 அடி ஆழத்துக்கு ஒரு சோதனைக் குழி எடுத்துப் பார்க்க வேண்டும். இதைத் தவிர்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. பென்சில் தடிமன் வேர்கள் வந்தால் வெட்டலாம். கட்டைவிரல் தடிமன் வேர் நாலைந்து தட்டுப்பட்டால் கரையை 2 அடி பின்னுக்குத் தள்ளுங்கள். மணிக்கட்டுத் தடிமன் வேர் மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேர். அதை வெட்டினால் புயல்காற்றில் மரமே சாயும்.

அந்தப் பக்கத்தில் கடப்பாரை வேண்டாம், களைக்கொத்து போதும். மண்வெட்டியில் சிக்கிய வேரை இழுத்தால், பட்டை நார் நாராக உரிந்து, வெள்ளைக் கட்டை தெரிய ஒரு முழம் தூரம் கிழிந்துவிடும். அந்தக் கிழிசல் வழியேதான் அழுகல் ஏறும். சுற்றி மண்ணைக் கிளறி, கூரான கத்தரியாலோ சிறு ரம்பத்தாலோ ஒரே சீராக நறுக்குங்கள். எதுவும் பூச வேண்டாம். வெளியே தெரியும் வேரின் மேல் ஈரச்சாக்கு போட்டு மூடிவையுங்கள்; வெயிலில் மெல்லிய வேர் சில மணி நேரத்திலேயே காய்ந்துபோகும்.

6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழக் குளத்திலிருந்து ஒரு டன்னுக்கு மேல் மண் வரும். அதை மரத்தடியில் கொட்டிவைக்காதீர்கள். நாலைந்து அங்குலம் ஏறினாலே வேருக்குக் காற்று போகாது. தார்ப்பாய் விரித்துத் தள்ளிப் போடுங்கள்.

ஓரத்தில் 9 அங்குல ஆழத்தில் ஒரு படி விடுங்கள். கரையை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாய்) வைத்துச் சமன் பாருங்கள், கண்மட்டம் ஏமாற்றும். நறுக்கிய வேர்முனைகள் துருத்தாதபடி மண்ணால் மெழுகி, ஜியோ டெக்ஸ்டைல் என்னும் மக்காத செயற்கைத் துணி விரித்து, அதன்மேல் பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் ஷீட். நீளத்தோடும் அகலத்தோடும் ஆழத்தின் இரு மடங்கும், ஓரங்களுக்கு 2 அடியும் கூட்டினால் 12க்கு 10 அடி வரும். கோணிச்சாக்கை அடியில் போட்டால் மக்கிவிடும். வழிநீர் போகும் பக்கம் முருங்கை இருக்கக்கூடாது, வேர் அழுகும். தண்ணீர் நிரப்பிய ஒரு வாரத்துக்குள் கப்பி மீன் விடுங்கள், கொசுப்புழு தங்காது.

வேர் போன அளவுக்குக் கிளையையும் கழிக்க வேண்டும் என்பார்கள். வேண்டாம், புது வேருக்கு உணவு இலையிலிருந்துதான் வருகிறது. யூரியாவும் வேண்டாம். குளம் இல்லாத மற்ற மூன்று பக்கமும் 3 அங்குலம் சருகு பரப்பி, அடுத்த மழைக்காலம் வரை வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். மதியம் துவளும் இலை மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. காலையிலும் துவண்டே இருந்தால், விரலை மண்ணில் விட்டு ஈரம் பார்த்து, காய்ந்திருந்தால் அன்றே பாய்ச்சுங்கள்.