மாடியில் சோலார் போடும் முன் சில்லர் அறையைப் பாருங்கள்

சென்னையில் சென்ட்ரல் ஏசி உள்ள அலுவலகக் கட்டடத்தில் மின்சாரத்தைப் பெருமளவு விழுங்குவது குளிரூட்டல்தான். ஆனால் பசுமைக் கட்டடம் என்று பேச்செடுத்தாலே முதலில் விசாரிப்பது சோலார் விலையை. சராசரியாக 200 டன் (எடையல்ல, குளிரூட்டலின் அளவு) சுமையில் பத்து மணி நேரம் ஓடும் பிளாண்ட்டை எடுத்துக்கொள்வோம். சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் இயந்திரம்), பம்பு, கூலிங் டவர் (சில்லரின் வெப்பத்தைத் தண்ணீரை ஆவியாக்கி வெளியே விடும் கோபுரம்) எல்லாம் சேர்த்து டன்னுக்கு 1 கிலோவாட் என்றால் நாளைக்கு 2,000 யூனிட். மாடியில் 5,000 சதுர அடியை அடைத்துக்கொள்ளும் 50 கிலோவாட் சோலார் தருவது சுமார் 200 யூனிட். டன்னுக்கு 1 என்பதை 0.9 ஆக்கினாலே அந்த 200 யூனிட் மிச்சம். சோலாரும் போடலாம், இதை முடித்துவிட்டு.

ஞாயிறு இரவு 10 மணிக்கும் மறுநாள் விடியற்காலை 5 மணிக்கும் மெயின் மீட்டர் ரீடிங் எடுங்கள். எச்.டி. (உயர் அழுத்த) இணைப்பென்றால், ரீடிங்கை உண்மையான யூனிட்டாக மாற்றும் மல்டிப்ளையிங் ஃபேக்டரால் பெருக்க வேண்டும். ஆளில்லாத நேரத்தில் யூனிட் ஏறுகிறதென்றால் ஏஹெச்யூ (குளிர்நீர் ஓடும் காயில் வழியாகக் காற்றை ஊதி அறைகளுக்கு அனுப்பும் பெட்டி), கழிப்பறை எக்ஸாஸ்ட், பேஸ்மென்ட் விளக்கு என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒரு சர்வர் அறைக்காக இரவெல்லாம் பெரிய சில்லர் ஓடுவதுதான் மிக மோசமான வீணடிப்பு. அந்த அறைக்குத் தனி ஸ்பிலிட் ஏசி போட்டுவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டை 24 டிகிரியில் வையுங்கள். புழுக்கம் என்று புகார் வந்தால் உடனே குறைக்காதீர்கள். சென்சார் ஜெராக்ஸ் மிஷினுக்கு மேலேயோ வெயில் படும் சுவரிலேயோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து சில்லர் பேனலில் இரண்டு அளவுகள். குளிர்நீர் 7 டிகிரியில் போய் 12-இல் திரும்ப வேண்டும். 9-இலேயே திரும்பினால், ஏஹெச்யூ காயில் அழுக்கடைந்திருக்கும், அல்லது வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கும். பலர் செட்பாயின்ட்டை 6-க்கு இறக்குவார்கள். அதனால் சில்லர் இன்னும் அதிகம் இழுக்குமே தவிர கோளாறு அப்படியே இருக்கும். இன்னொன்று, கண்டென்சரில் (சில்லரின் வெப்பத்தை டவர் தண்ணீருக்குக் கொடுக்கும் பகுதி) கேஸ் குளிர்ந்து திரவமாகும் வெப்பநிலைக்கும் வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம். சுத்தமான குழாயில் 1–2 டிகிரி இருக்கும். முழுச் சுமையில் 4-ஐத் தொட்டால் உள்ளே உப்புப் படிந்துவிட்டது. கண்டென்சிங் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரஸர் 2–3 சதவீதம் கூடுதலாக இழுக்கும்.

உப்பு வருவது கூலிங் டவர் தண்ணீரிலிருந்து. மேலே சொன்ன பிளாண்ட்டில் நாளைக்குச் சுமார் 12,500 லிட்டர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் கொஞ்சம் தண்ணீரைத் திறந்துவிட்டே ஆக வேண்டும். உள்ளே விடும் தண்ணீரைப் போல டவர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 3 மடங்கைத் தாண்டாமல் வைத்தால் 6,250 லிட்டர் வெளியே போகும். 6 மடங்கு வரை விட்டால் 2,500 போதும். மூன்று நாளில் மிச்சமாகும் தண்ணீர் ஏறக்குறைய ஒரு 12,000 லிட்டர் டேங்கர் லாரி. ஆனால் 1,500 டிடிஎஸ் உள்ள போர் தண்ணீரில் இதை முயன்றால் குழாய் அடைத்துவிடும். டிடிஎஸ் குறைந்த தண்ணீர் கலந்தால்தான் முடியும்.

அந்த டிடிஎஸ் குறைந்த தண்ணீரில் ஒரு பங்கு கட்டடத்துக்குள்ளேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. சென்னையின் ஈரக்காற்றில், 500 பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குள் வரும் வெளிக்காற்றிலிருந்து மட்டும் புழுக்கமான நாளில் 1,500–2,000 லிட்டர் ஏஹெச்யூ டிரெயினில் வடியும். உப்பே இல்லாத தண்ணீர், பெரும்பாலும் சாக்கடைக்குத்தான் போகிறது. அதை டவர் தொட்டிக்குத் திருப்புங்கள். ஜிஐ பைப் அரித்துப்போகும், யூபிவிசி போடுங்கள். குளிர்ந்த தண்ணீர் என்பதால் பைப்புக்கு இன்சுலேஷன் சுற்றாவிட்டால் வியர்த்து ஃபால்ஸ் சீலிங் கறைபடும். ஒவ்வொரு ஏஹெச்யூ டிரெயினிலும் யூ-டிராப் (தண்ணீர் தேங்கி நிற்கும் U வடிவ வளைவு) இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபேன் உறிஞ்சும் காற்று தண்ணீரை வடியவிடாமல் பிடித்துவைக்க, டிரே நிரம்பித் தரையில் வழியும். இந்தத் தண்ணீரில் கிருமி வளரும். டவருக்கான பயோசைட் (கிருமிக்கொல்லி மருந்து) அளவைக் குறைக்காதீர்கள், குடிக்கவும் கொடுக்காதீர்கள்.