டெவென்டரில் வீடு பார்க்கிறீர்களா? இதை முதலில் கேளுங்கள்

நெதர்லாந்தில் வேலை கிடைத்து டெவென்டருக்கு வருகிறவர்களுக்கு அரசு அலுவலக நடைமுறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 4 மாதத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால், வந்த 5 நாளுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட், அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாகும் அரசு முத்திரை) வாங்கிய பிறப்புச் சான்றிதழ், வாடகை ஒப்பந்தம் மூன்றும் கையில் இருக்கட்டும். பதிந்தால்தான் பிஎஸ்என் என்கிற குடிமக்கள் சேவை எண் கிடைக்கும். அது வந்த பிறகுதான் டிஜிடி, அதாவது அரசு இணையச் சேவைகளுக்கான உள்நுழைவுக் கணக்கு. மருத்துவக் காப்பீட்டுக்கு 4 மாத அவகாசம் உண்டு, ஆனால் பிரீமியம் முதல் நாளிலிருந்தே கணக்காகும். சரி, இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் நண்பன் அடெலார்ஸ்ஹோர்ஸ்ட் கால்பந்து மைதானத்துக்குப் பின்தெருவில் ஓர் அறை எடுத்தான். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மைதானத்து விளக்குக் கம்பம் தெரியும். ஒப்பந்தம் முழுக்க டச்சு. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி: இந்த முகவரியில் பதிவு செய்யக் கூடாது. "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி அட்வான்ஸை வாங்கிக்கொண்ட வீட்டுக்காரர், அதன்பிறகு போனையே எடுக்கவில்லை.

டெவென்டர் நகராட்சிக் கட்டடத்தின் ஜன்னல் சட்டங்களில் 2,000-க்கும் மேற்பட்ட ஊர்க்காரர்களின் கைரேகைகளை வார்த்துப் பதித்திருக்கிறார்கள். அந்தக் கட்டடத்திலிருந்து பதிவு இல்லாமல் அவன் திரும்பி வந்தான். எனக்கு இன்னும் ஆறவில்லை. பிஎஸ்என் இல்லாவிட்டால் கம்பெனி சம்பளத்தில் 52 சதவீதம் வரி பிடித்தாக வேண்டும். அவன் வேறு அறைக்கு மாறினான். அட்வான்ஸ் திரும்பி வரவே இல்லை.

பதிய விடாத வீட்டுக்காரர், பெரும்பாலும் தானே அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுபவராக இருப்பார். அல்லது இன்னொருவர் பெயர் ஏறினால் அவருக்குக் கிடைக்கும் அரசு உதவித்தொகை குறையும். சட்டப்படி, குடியிருக்கும் இடத்தில் பதிய அவர் சம்மதம் தேவையில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும் அது செல்லாது. ஆனால் புதிதாக வந்து இறங்கியவர் அங்கே குடியிருப்பதை நிரூபித்து, சண்டை போட்டு வாங்குவதற்குள் ஓய்ந்துவிடுவார். அதனால் வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே "இங்கே பதியலாமா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சென்னையில் 10 மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இன்னொன்று: 2023 ஜூலைக்குப் பிறகான ஒப்பந்தங்களில் இங்கே 2 மாத அடிப்படை வாடகைக்கு (மற்ற கட்டணங்கள் சேராத வாடகைக்கு) மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஊரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐசல் நதிக்கரையில் ஹன்சா என்ற இடைக்கால வணிக நகரக் கூட்டமைப்பின் வணிகத்தால் செழித்த ஊர். மறுமலர்ச்சிக் கால அறிஞர் எராஸ்மஸ் சிறுவனாக இங்கேதான் படித்தார். பிரிங்க் சதுக்கத்தில் 1528-இல் கட்டிய எடைச்சாவடி இன்னும் நிமிர்ந்து நிற்கிறது. ஊர்க் கால்பந்து கிளப்பான கோ அஹெட் ஈகிள்ஸ் 1920 முதல் ஆடிவரும் அடெலார்ஸ்ஹோர்ஸ்ட் மைதானத்தில் ஏறக்குறைய 10,000 பேர்தான் உட்காரலாம். 1933-க்குப் பிறகு லீக் பட்டமே இல்லை. ஆனாலும் 2025-இல் அல்க்மார் அணியை பெனால்டியில் வீழ்த்தி நாட்டுக் கோப்பையை முதல் முறையாகத் தூக்கியபோது, இங்கே குடியிருக்கிற எனக்கும் பெருமையாக இருந்தது.

ஆட்டம் பார்க்க டிக்கெட்டை கிளப்பிடமே வாங்குங்கள். மைதானம் வீடுகளுக்கு நடுவில் இருப்பதால் காரை எடுக்காதீர்கள். ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம்.