நோட்டில் உள்ள தப்பை வீட்டிலேயே அழித்துவிடாதீர்கள்

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 52-இல் 27-ஐக் கழித்து 35 என்று எழுதுகிறான். பார்த்தவுடன் கவனக்குறைவு என்றுதான் தோன்றும். ஆனால் 83-இல் 46-ஐக் கழிக்கச் சொன்னால் 43 என்கிறான். 2-இல் 7 போகாது, 3-இல் 6 போகாது. அதனால் எது பெரியதோ அதிலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறான். அதாவது தனக்கென்று ஒரு விதியை உண்டாக்கி, பிசகாமல் கடைப்பிடிக்கிறான்.

இதை அம்மா பார்க்கிறார். ரப்பரால் அழித்து, 25 என்று எழுத வைக்கிறார். மறுநாள் என் மேசைக்கு வரும் நோட்டில் பத்துக்குப் பத்தும் சரி. நானும் டிக் போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறேன். அந்த விதி மட்டும் அவன் தலைக்குள் பத்திரமாக இருக்கிறது, பரீட்சை நாள் வரைக்கும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியராக நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். அக்கறையில் செய்வது என்பதால் பலருக்கு இது தவறு என்றே தெரிவதில்லை. தப்பான விடையை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் பென்சிலால் 'இந்தக் கணக்கில் திணறினான், நான்தான் சொல்லிக்கொடுத்தேன்' என்று எழுதி அனுப்புங்கள். எனக்கு அது பத்து டிக்கை விடப் பெரிய உதவி.

இதற்குப் பங்காளி, 'நாங்கள் படித்த முறை'. இன்று பல வகுப்புகளில் கழித்தலை எண்கோட்டில் தொடங்குகிறோம். 27-இலிருந்து 30-க்கு 3, 30-இலிருந்து 50-க்கு 20, 50-இலிருந்து 52-க்கு 2, மொத்தம் 25. வீட்டிலோ, 'இதென்ன தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது? பக்கத்தில் கடன் வாங்கு' என்கிறார்கள். கடன் வாங்குவதும் சரியான முறைதான், அதையும் சொல்லித்தரப் போகிறோம். பத்துகள், ஒன்றுகள் என்ற இட மதிப்பு புரியாத குழந்தைக்கு அதை முன்கூட்டியே கொடுத்தால், எதற்காக என்று தெரியாமலே எண்ணை அடித்து மேலே ஒன்றைக் குறைத்து எழுதப் பழகிவிடுகிறது. 'மிஸ் எப்படிச் செய்தார்கள், எனக்குச் சொல்லிக்கொடு' என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை சொல்லிவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. சொல்லத் தெரியாவிட்டால் டைரியில் ஒரு வரி எழுதுங்கள், அதற்கு மேல் என் பாடு.

'எனக்கும் கணக்கு வராது, அதே ரத்தம்தானே' என்று குழந்தை காதுபடச் சொல்வதையும் விட்டுவிடலாம். அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. கணக்கு என்றாலே பதறும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவிய இடங்களில், ஆண்டு முடிவில் குழந்தை குறைவாகவே கற்றிருந்தது. கணக்குப் பயமும் கூடியிருந்தது. அதே பதற்றம் உள்ள பெற்றோர் அவ்வளவாகத் தலையிடாத வீடுகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. கணக்கில் பதற்றம் இருந்தால் கணக்கை எங்களிடம் விட்டுவிட்டுக் கதை கேளுங்கள். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, குழந்தை படித்துக் காட்டட்டும். அடுத்து என்ன ஆகும், அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்க எழுத்து வேண்டாம்.

எங்கள் பக்கத்துத் தவறுகளையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. டைரியில் 'கவனம் போதாது' என்று எழுதுகிறோமே, அதை வைத்துக்கொண்டு ஒரு வீடு என்ன செய்யும்? திட்டும், வேறு வழி? 'கதையை நன்றாக வாசித்தாள். யார், எங்கே என்று கேட்டால் சொல்கிறாள்; ஏன் என்று கேட்டால் முழிக்கிறாள்' என்று எழுதினால், அன்றைக்கு இரவே இரண்டு 'ஏன்' கேட்டுப் பார்ப்பார்கள். பள்ளியிலிருந்து போன் வந்தாலே 'என்ன செய்து தொலைத்தாய்?' என்று குழந்தையைப் பார்க்கிற வீடுகள் இருக்கின்றன. பழக்கியது நாம்தான். நல்ல செய்தி சொல்ல ஒருநாளும் கூப்பிட்டதில்லையே.

வீட்டுப்பாடத்தின் அளவும் அப்படித்தான். வகுப்பு ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று ஒரு கணக்கு உண்டு: இரண்டாம் வகுப்புக்கு 20, நான்காம் வகுப்புக்கு 40. ஹாரிஸ் கூப்பர் போன்ற ஆய்வாளர்கள் சொல்லும் தோராய அளவு அது. ஒன்றரை மணி நேரம் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தால், நிறுத்திவிட்டு நேரத்தை எழுதி அனுப்புங்கள். அதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளும் ஆசிரியர் இருந்தால் தவறு அவர் மேல்.

மார்க் பற்றி ஒன்று. ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாளில் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள் அடுத்த முறை முன்னேறினார்கள். மார்க்கும் குறிப்பும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. மார்க்கைப் பார்த்ததும் குறிப்பு கண்ணில் படாமல் போகிறது போலும். பெற்றோர் கூட்டத்திலும் இதே கதைதான்: 'எத்தனை மார்க், எத்தனாவது ரேங்க்?' பத்து நிமிடமும் அதிலேயே போய்விடும். வகுப்பில் யாரோடு உட்காருகிறான், எந்த இடத்தில் கையைத் தூக்குகிறான், எதில் சும்மா இருந்துவிடுகிறான் என்று கேட்டால் எனக்கும் யோசித்துச் சொல்ல நிறைய இருக்கும்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஆசிரியரைப் பற்றிப் பேசிக்கொள்வதை ஒரு வரியில் முடிக்கிறேன்: நேரே கேட்டால் தீர்கிற விஷயம், அங்கே போனால் தீராது.

ஆனால் வீட்டில் தெரிந்ததைப் பள்ளியில் சொல்லாமல் இருப்பது ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை. ஒரு சிறுமி போர்டில் இருப்பதைத் தப்பும் தவறுமாக எழுதுவாள், பாதி வரியை விட்டுவிடுவாள். சோம்பல் என்று நான் நினைத்திருந்தேன். வாய்ப்பாடமாகக் கேட்டால் எல்லாம் சரியாகச் சொல்வாளே என்று யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. வீட்டில் அவள் டிவிக்கு மிக அருகில் போய் உட்காருவதை எல்லோரும் கவனித்திருந்தார்கள். பிடிவாதம் என்று அதட்டிக்கொண்டிருந்தார்கள். மாலையில் அழைத்துப் போக வந்த பாட்டி, பள்ளி வாசலில் பேச்சோடு பேச்சாக டிவி கதையைச் சொன்னார். நான் போர்டு கதையைச் சொன்னேன். அந்த வாரமே கண்ணைப் பரிசோதித்தார்கள்.