விழுந்த வண்டியை மறுபடி ஓட்டுவது எப்படி: உடம்பு, ஃபோர்க், முதல் ரவுண்டு

விபத்துக்குப் பிறகு முதல் தடவை பைக் எடுப்பவர்கள் பலரும் ஒன்றையே சொல்வார்கள்: "ஒரு பக்கமா இழுக்குது. வண்டியா, என் பயமான்னு தெரியல." இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பயத்தில் கை விறைத்தால் நேரான வண்டியும் இழுக்கும். ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்) முறுகியிருந்தால் எத்தனை தைரியசாலி ஓட்டினாலும் இழுக்கும். அதனால் முதலில் உடம்பு, பிறகு வண்டி, அதற்குப் பிறகுதான் ஓட்டம் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள். வண்டி நேராக இருப்பதை அளந்து பார்த்துவிட்டால், மிச்சம் இருப்பது பயம் மட்டும். அதைப் பழக்கத்தில் சரிசெய்யலாம்.

சறுக்கி விழுந்தது, முன்சக்கரம் எதிலோ இடித்தது என்ற அளவிலான விபத்துகளுக்கே இந்தக் குறிப்பு. ஃபிரேம் மடங்கிய வண்டி வேறு கதை.

படி 1: உடம்பு

டாக்டர் சரி என்று சொல்லாமல் எதுவும் வேண்டாம். பெரியவர்களுக்குக் காறை எலும்பு கூட 6 முதல் 12 வாரம் ஆகும், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் ஆகும். எலும்பு கூடிய நாளும் வண்டி ஓட்டத் தகுதியான நாளும் ஒன்றல்ல. கட்டுப் பிரித்ததும் பார்த்தால் தசை இளைத்திருக்கும்.

இரண்டு காயங்கள் அடிக்கடி கோட்டை விடப்படுகின்றன. ஒன்று, மூளை அதிர்ச்சி. ஹெல்மெட் காப்பாற்றியது, ரத்தம் வரவில்லை, எழுந்து நடந்தாயிற்று என்று விட்டுவிடுவார்கள். தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, யோசனை மந்தமாவது எல்லாம் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ கூட வரலாம். அவை முழுக்க அடங்கும்வரை வண்டி கிடையாது. திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, கை கால் தளர்ச்சி, இரண்டு கண்மணிகளும் வேறு வேறு அளவில் தெரிவது, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனை.

இன்னொன்று, கையை ஊன்றி விழுந்தவர்களுக்கு மணிக்கட்டில் வரும் ஸ்கேஃபாய்டு எலும்பு முறிவு. கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு சிறு குழி தெரியும். அந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறதா? முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் "சுளுக்குதான்" என்று முடிவு கட்டாதீர்கள். இந்த முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமல் போவது வழக்கம். 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது எம்ஆர்ஐ பார்ப்பார்கள். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய், ஆக்சிலேட்டரைத் திருகும் ஒவ்வொரு முறையும் வலிக்கும்.

டாக்டர் அனுமதித்த பிறகு, எஞ்சினை அணைத்து, வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்கார்ந்து இதைச் செய்து பாருங்கள்:

- முன் பிரேக்கை முழு பலத்தோடு 20 தடவை பிடித்து விடுங்கள். இருபதாவது தடவையும் முதல் தடவை போல இருக்க வேண்டும்.
- கிளட்சை விட்டு விட்டு ஐந்து நிமிடம் அழுத்துங்கள். நெரிசலில் கைக்கு வரும் வேலை அதுதான்.
- இடுப்பை அசைக்காமல், தோளுக்கு மேலாக இரண்டு பக்கமும் பின்னால் திரும்பிப் பாருங்கள்.
- கியர் லீவரைக் கால் விரலால் மேலே தூக்குங்கள். பின் பிரேக்கை மிதியுங்கள்.
- கீழே இறங்கி, ஒவ்வொரு காலிலும் 30 விநாடி ஒற்றைக்காலில் நில்லுங்கள்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு செய்தால் இந்தச் சோதனைக்கு அர்த்தமே இல்லை. தூக்கம் வரவழைக்கும் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

படி 2: ஹெல்மெட்

தலை இடித்திருந்தால் மாற்றுங்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற பகுதி நசுங்கித்தான் அடியை வாங்குகிறது. ஒரு தடவை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது. வெளி ஓட்டில் கீறல்கூட இல்லாவிட்டாலும் இதுதான் நிலை.

படி 3: ஸ்டார்ட் செய்யும் முன்

வண்டி கீழே கிடந்திருந்தால் உடனே செல்ஃப் அடிக்க வேண்டாம். பெட்ரோல் ஒழுகுகிறதா, எஞ்சின் ஆயில் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டரைத் திறந்தால் ஆயிலில் நனைந்திருக்கலாம். வண்டி வெகுநேரம் சாய்ந்தோ தலைகீழாகவோ கிடந்திருந்தால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்ற விடுங்கள். சிலிண்டருக்குள் திரவம் தேங்கியிருக்கும்போது பிளக்கோடு செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளையலாம்.

"விழுந்ததிலிருந்து ஸ்டார்ட்டே ஆகல" என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச்தான். விழும்போது கை பட்டு ஆஃப் ஆகியிருக்கும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாய்வு சென்சார் எஞ்சினை நிறுத்தியிருக்கும். சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தால் போதும்.

அடுத்தது ஆக்சிலேட்டர். ஹேண்டிலை இடது கோடி, நடு, வலது கோடி என மூன்று நிலையிலும் வைத்துத் திருகி விடுங்கள். மூன்றிலும் தானாகப் பட்டென்று திரும்பி வர வேண்டும். ஹேண்டில் நுனி வெயிட் உள்ளே தள்ளப்பட்டு கிரிப்பில் உரசினால் ஆக்சிலேட்டர் அங்கேயே நின்றுவிடும். அதன் பலன் அடுத்த விபத்துதான்.

வளைந்த லீவரைத் தட்டி நிமிர்த்தாதீர்கள். வார்ப்பு அலுமினியம் நிமிரும்போது உள்ளே விரிசல் விடும், அவசரப் பிரேக்கின்போது கையோடு வந்துவிடும். ஹேண்டில்பாருக்கும் அதே விதி.

படி 4: ஃபோர்க். நிறையப் பேர் சறுக்கும் இடம் இதுதான்

முன்சக்கரம் நேராக இருக்கிறது, ஹேண்டில் கோணலாக இருக்கிறது. உடனே "ஃபோர்க் பெண்டு" என்று முடிவு கட்டி முழு செட்டையும் மாற்றிவிடுவது வாடிக்கை. வளைவுக்கும் முறுக்குக்கும் வித்தியாசம் உண்டு. குழாய்களைப் பிடித்திருக்கும் மேல் கிளாம்ப் ஒரு பக்கமும் கீழ் கிளாம்ப் இன்னொரு பக்கமும் கொஞ்சம் திரும்பிக்கொண்டு, ஒரு குழாய் முன்னாலும் மற்றது பின்னாலும் சாய்ந்திருந்தால் அது முறுக்கு. இதற்கு எந்தப் பாகமும் வாங்க வேண்டியதில்லை.

முதலில் ஹேண்டில்பாரை மேல் கிளாம்போடு ஒப்பிடுங்கள். அந்த இரண்டும் இணையாக இல்லையென்றால் வளைந்தது ஹேண்டில்பார். இணையாக இருந்தும் சக்கரம் மட்டும் கோணல் என்றால் கீழே பார்க்க வேண்டும்.

இதற்கு நல்ல கருவி ஒரு கண்ணாடித் துண்டு. 6 மி.மீ. தடிமன், சுமார் 30 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், விளிம்பு தேய்த்தது. ஸ்டீல் ஸ்கேலை விட இதுதான் நம்பகம், ஏனென்றால் கண்ணாடி வளையாது. பளபளக்கும் இரண்டு குழாய்களின் மீதும் முன்பக்கமாகச் சேர்த்து வைத்து அழுத்துங்கள். நான்கு மூலையும் ஆடாமல் ஒட்டினால் இரண்டு குழாயும் ஒரே தளத்தில் இருக்கின்றன. மூலைக்கு மூலை டக் டக் என்று ஆடினால் முறுக்கோ வளைவோ இருக்கிறது.

முறுக்கை எடுக்கும் முறை:

1. மெயின் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து முன்சக்கரத்தின் மேல் உள்ள பாரத்தை எடுங்கள். வண்டி ஆடக்கூடாது.
2. மேல் கிளாம்புக்கு மேலே குழாய் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள்.
3. மட்கார்டு போல்ட்டுகள், சக்கரத்தின் நடுத்தண்டான ஆக்ஸிலை இறுக்கும் பின்ச் போல்ட், ஆக்ஸில் நட், கீழ் கிளாம்ப் போல்ட்டுகள், நடுவில் இருக்கும் ஸ்டீரிங் நட் ஆகியவற்றைத் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம். மேல் கிளாம்ப் போல்ட்டைத் தொடாதீர்கள், அதையும் தளர்த்தினால் குழாய் நழுவிவிடும்.
4. வண்டிக்கு முன்னால் நின்று சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கி, ஹேண்டிலைக் கோணலுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு உலுக்கு உலுக்குங்கள். கண்ணாடியை வைத்துப் பாருங்கள். நேராகும்வரை மறுபடி.

மட்கார்டு போல்ட்டைத் தளர்த்த மறப்பதுதான் பெரிய தப்பு. மட்கார்டும் அதன் இரும்புப் பட்டையும் ஃபோர்க்கின் இரண்டு காலையும் பூட்டி வைத்திருக்கும். எவ்வளவு உலுக்கினாலும் கையை எடுத்ததும் பழைய கோணலுக்கே போகும். "இது வளைஞ்சுதான் போச்சு" என்று கைவிடப்படும் ஃபோர்க்குகளில் இப்படிப்பட்டவையும் இருக்கும்.

இறுக்கும் வரிசையிலும் தப்பு நடக்கும். முதலில் ஸ்டீரிங் நட், அடுத்து கீழ் கிளாம்ப், அடுத்து ஆக்ஸில் நட். இப்போது ஜாக்கியை எடுத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை ஐந்தாறு தடவை அமுக்கி விடுங்கள். அதன் பிறகே ஆக்ஸில் பின்ச் போல்ட், கடைசியில் மட்கார்டு. அமுக்குவதற்கு முன்பே பின்ச் போல்ட்டை இறுக்கினால், கால்கள் அகன்றோ நெருங்கியோ அப்படியே நின்றுவிடும். சஸ்பென்ஷன் பிடித்துப் பிடித்து இறங்கும்.

கிளாம்ப் போல்ட்டுகள் பல வண்டிகளில் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர்தான். சரியான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். ஒரு கிளாம்புக்கு இரண்டு போல்ட் இருந்தால் மாற்றி மாற்றி இறுக்குங்கள், ஒன்றை இறுக்கும்போது மற்றது தளரும். நீளக் கைப்பிடி ஸ்பானரை வைத்து "நல்லா டைட்" செய்யும் பழக்கம் இங்கே ஆகாது, குழாய் நசுங்கும். ஒரே ஒரு கருவி வாங்க முடியும் என்றால் இறுக்கத்தை அளந்து காட்டும் சின்ன டார்க் ரெஞ்ச் வாங்குங்கள்.

இதற்குப் பிறகும் கண்ணாடி ஆடினால் குழாய் வளைந்திருக்கிறது. நேருக்கு நேர் மோதலில் கீழ் கிளாம்புக்குச் சற்றுக் கீழேதான் அதிகம் வளையும். குழாயைக் கழற்றி அளந்தால் பல மேனுவல்கள் தரும் எல்லை 0.2 மி.மீ. பிரஸ்ஸில் நிமிர்த்தித் தருகிறவர்கள் உண்டு. பரிந்துரைக்க மாட்டேன். குரோம் உரிந்து சீக்கிரமே ஆயில் சீலைத் தின்றுவிடும்.

படி 5: மற்றவை

முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஹேண்டிலை ஒரு விரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளுங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போலப் பிடித்தால் கோன் செட் (ஹேண்டில் கழுத்தில் உள்ள பேரிங்) போய்விட்டது.

ஃபோர்க் காலில் ஒரு கேபிள் டையைக் கட்டி, நுனியை ரிம்மை உரசாத அளவுக்கு வெட்டிச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ஆட்டம் 2 மி.மீ.க்கு மேல் போனால் ரிம்மைக் கவனிக்க வேண்டும். பிரேக் டிஸ்க்குக்கு எல்லை இன்னும் இறுக்கம், சுமார் 0.3 மி.மீ.

பின் பிரேக் பெடல் உள்ளே மடங்கி எஞ்சின் கவரில் உரசுகிறதா? உரசினால் மிதித்தது திரும்பாது, பிரேக் சூடாகிக்கொண்டே இருக்கும். வண்டி தலைகீழாகப் புரண்டிருந்தால் பிரேக் லைனில் காற்று புகுந்திருக்கலாம். லீவர் பஞ்சு போல அமுங்கினால் பிளீடிங் செய்து காற்றை வெளியேற்றாமல் நகர வேண்டாம். ஃபிரேமில் ஹேண்டில் கழுத்தைச் சுற்றிப் பெயிண்ட் வெடித்தோ சுருங்கியோ இருந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள், ஃபிரேமை அளக்கத் தெரிந்தவரிடம் போங்கள்.

படி 6: ஓட்டம்

காய்ந்த தரை, காலி மைதானம், ஒரு தடவைக்கு 20 நிமிடம். அதற்கு மேல் போனால் கைதான் சோர்கிறது, பழக்கம் ஏறுவதில்லை.

முதல் நாள் கிளட்ச் பிடியிலேயே நடை வேகத்தில் நேர்கோடு, பிறகு பெரிய எட்டு. இரண்டாம் நாள் 30 கி.மீ. வேகத்தில் பிரேக். முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், முன்பக்கம் இறங்கும்வரை மெல்லப் பிடித்து அதற்குப் பிறகு அழுத்தம் கூட்டுங்கள். பத்துத் தடவை ஒரே இடத்தில் நிற்க முடிந்தால் 40, பிறகு 50. மூன்றாம் நாள், நீங்கள் விழுந்த அதே சூழலைப் பாதி வேகத்தில். வளைவில் விழுந்தவர் வளைவு, பிரேக்கில் விழுந்தவர் பிரேக். இதைத் தவிர்க்கிறவர்கள் சாலையில் அதே இடம் வரும்போது உறைந்துபோவார்கள்.

பயம் முதலில் முழங்கையில் தெரியும். ஓடும்போதே முழங்கைகளைக் கோழி இறக்கை போல லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட்ட முடியவில்லையென்றால் நீங்கள் ஹேண்டிலைத் தொங்கிப் பிடித்திருக்கிறீர்கள். தொடையால் டேங்கை இறுக்கினால் கை தானாகத் தளரும். அடுத்தது கண். விழுந்தவர்கள் முன்சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள தரையையே பார்ப்பார்கள். கண் போகும் இடத்துக்குத்தான் வண்டி போகும், பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கே.

இழுப்பு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க, சமதளத்தில் 40-ல் போகும்போது கையை எடுக்காமல் பிடியை மட்டும் தளர்த்துங்கள். மைதானத்தில் அதே கோட்டில் எதிர்த்திசையிலும் அதையே செய்யுங்கள். போகும்போது இடது, வரும்போது வலது என்றால் தரையின் சரிவு. இரண்டு முறையும் உங்களுக்கு ஒரே பக்கம் என்றால் வண்டி. அப்போது படி 4-க்குத் திரும்புங்கள்.

சாலைக்கு வந்த பிறகு பகல், தெரிந்த வழி, 15 நிமிடம். அடுத்து நெரிசல், அடுத்து இரவு, அடுத்து மழை. பின்னால் ஆள் ஏற்றுவது எல்லாவற்றுக்கும் கடைசி. ஒரு மாதம் தாண்டியும் விபத்துக் காட்சி திரும்பத் திரும்ப வந்தால், தூக்கம் கெட்டால், சாவியைப் பார்த்தாலே நெஞ்சு படபடத்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அது கோழைத்தனம் இல்லை, சிகிச்சை உள்ள விஷயம்.

பிற்சேர்க்கை

முறுக்கு எடுத்த பிறகு ஹேண்டில் லேசாக லொடலொடப்பதாகச் சிலர் கேட்டிருந்தார்கள். ஸ்டீரிங் நட்டைத் தளர்த்தும்போது அதன் கீழே உள்ள கோன் செட் நட்டும் கூடவே திரும்பியிருக்கும். முன்சக்கரத்தைத் தூக்கி, ஃபோர்க்கின் கீழ்நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ப்ளே (தளர்ந்த ஆட்டம்) தெரியும். கீழ் நட்டைச் சரிசெய்து மறுபடி இறுக்குங்கள்.

100 கி.மீ. ஓடிய பிறகு கீழ் கிளாம்ப், ஆக்ஸில் போல்ட்டுகளில் டார்க் ரெஞ்சை மறுபடி வைத்துப் பாருங்கள். அப்போதே ஃபோர்க் குழாயில் விரலால் ஒரு சுற்று தடவுங்கள். விரலில் ஆயில் ஒட்டினால் சீல் கிழிந்திருக்கிறது. அது முன் பிரேக் பேடில் இறங்குவதற்குள் மாற்றிவிடுங்கள்.