பழைய ‘டேவ்’, ‘பிரின்ஸ்’ விளையாட்டுகளை இன்றைய லேப்டாப்பில் ஓட வைப்பது எப்படி?

மே மாதம் கடலூர் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே 17 பிளாப்பிகள், அதாவது அந்தக் காலத்தில் கோப்புகளைச் சேமித்து வைத்த தட்டுகள். ஒன்றின் மேல் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் ‘டேவ் + பிரின்ஸ். தொடாதே’ என்று அண்ணனின் கையெழுத்து. ‘டேஞ்சரஸ் டேவ்’, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ என்று நாங்கள் ஆடிய இரண்டு கம்ப்யூட்டர் விளையாட்டுகள். அதைப் பார்த்ததும் அப்படியே பரண் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் என்றால் பெரியம்மா மகன். 1996 கோடை விடுமுறையில் எங்கள் இருவரையும் மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டார்கள். டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ் என்று 3 மாத கோர்ஸ். செருப்பை வாசலில் கழற்றி, ஏசி அறைக்குள் போய், மானிட்டரின் பிளாஸ்டிக் உறையை மடித்து வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். கடைசிப் பத்து நிமிடம் சார் டீ குடிக்கப் போவார். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் மீதி ஐம்பது நிமிடமும் ‘டிர்’, ‘சிடி’, ‘காப்பி’ என்று ஒழுங்காகத் தட்டிக்கொண்டிருப்போம்.

அந்த விளையாட்டுகளை இன்றைக்கு எப்படித் திறப்பது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். டாஸ் என்றால் மவுஸ் இல்லாமல் கட்டளைகளைத் தட்டியே கம்ப்யூட்டரை இயக்கிய பழைய முறை. அந்தப் பெயரையே கேட்டிராதவர்களும் செய்யலாம். ஆனால் திறந்தால் மட்டும் போதாது. அன்றைய வேகத்தில் ஓட வேண்டும், பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் ஆடினால் அது அந்த விளையாட்டே இல்லை என்பது என் கருத்து. அதனால் அந்த இரண்டுக்கும்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில், ஏன் நேராகத் திறக்காது?

டேவ், பிரின்ஸ் எல்லாம் 16 பிட் டாஸ் நிரல்கள். இன்றைய 64 பிட் விண்டோஸில் அவற்றை ஓட்டும் பகுதியே கிடையாது. இரட்டைக் கிளிக் செய்தால் ‘இது உங்கள் கணினியில் ஓடாது’ என்று ஒரு பெட்டி வரும், அவ்வளவுதான். ஆகவே லேப்டாப்புக்குள் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் மென்பொருள் வேண்டும். அதன் பெயர் டாஸ்பாக்ஸ். 2002 முதல் இலவசமாகக் கிடைக்கிறது.

படி 1: எதையும் நிறுவாமல் ஒருமுறை ஆடிப் பாருங்கள்

இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் எம்எஸ்-டாஸ் விளையாட்டுகளுக்கென்று ஒரு தொகுப்பு இருக்கிறது. 2015 ஜனவரியிலேயே 2,300-க்கும் மேற்பட்ட விளையாட்டுகளை அங்கே வைத்துவிட்டார்கள். பெயரைத் தேடி, படத்தின் மேல் இருக்கும் பவர் பட்டனை அழுத்தினால் பிரவுசருக்குள்ளேயே ஓடும்.

ஆசைக்கு ஒருமுறை பார்க்க இது போதும். ஆனால் டேபை மூடினால் ஆடிச் சேர்த்ததெல்லாம் போய்விடும். அதோடு கன்ட்ரோல், ஆல்ட் சாவிகளைப் பிரவுசர் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். டேவ் துப்பாக்கி சுடுவதே கன்ட்ரோல் சாவியில்தான். அதனால் அடுத்த படிக்கு வந்துவிடுங்கள்.

படி 2: பிளாப்பி இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள்

வீட்டில் யாரிடமாவது 3.5 அங்குல பிளாப்பி இருந்தால் இந்தப் படி உங்களுக்கு. இல்லாதவர்கள் படி 3-க்குப் போகலாம்.

யூஎஸ்பியில் சொருகும் பிளாப்பி டிரைவ் ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கிவந்த உடனே பிளாப்பியை உள்ளே தள்ளிவிடாதீர்கள். மேலே இருக்கும் உலோகத் தகட்டை விரலால் ஒதுக்கி, உள்ளே தெரியும் பழுப்பு நிறத் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மாவு தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடற்கரை ஊர்களில் இது சர்வ சாதாரணம். அந்தப் பிளாப்பியை உள்ளே விட்டால் டிரைவின் ஹெட்டும் அழுக்காகி, அடுத்து வரும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது எங்கள் வீட்டு ஓடுகள் பறந்து பரணெல்லாம் நனைந்தது. அந்த டின் மூடியிருந்தும் ஈரம் புகுந்திருக்கிறது. 17 பிளாப்பிகளில் 4-ஐ மட்டும்தான் படிக்க முடிந்தது. பச்சை எழுத்துப் பிளாப்பி அந்த நான்கில் ஒன்று. டிரைவ் ‘கர்ர்... டக்’ என்று இழுத்து, கொஞ்சம் யோசித்து, கோப்புகளின் பெயரைக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிளாப்பியின் மூலையில் ஒரு சின்ன நகர்த்தி இருக்கும். அதை நகர்த்தி ஓட்டை திறந்தபடி வைத்துவிட்டால் பிளாப்பியில் எதுவும் எழுதப்படாது, அழியாது. அதன்பிறகு ‘ஏ’ டிரைவில் இருப்பதை அப்படியே லேப்டாப்புக்கு நகலெடுங்கள்.

பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவை உருவாக்கிய ஜோர்டன் மெக்னருக்கும் இதே கதைதான் நடந்தது. 1989-இல் ஆப்பிள் 2 கணினிக்காக அவர் எழுதிய மூல நிரல் தொலைந்துபோனதாகவே நினைத்திருந்தார். 2012-இல் அவருடைய அப்பா வீட்டு அலமாரியின் பின்பக்கம் ஒரு பெட்டியில் அந்த டிஸ்குகளைக் கண்டெடுத்து அனுப்பினார். நண்பர்கள் உதவியோடு அதைப் படித்தெடுத்து, எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்துவிட்டார் மெக்னர். உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிளாப்பி இல்லாதவர்கள் டூம் விளையாட்டின் முதல் பாகத்தில் தொடங்கலாம். 1993-இல் வந்த அதன் ஷேர்வேர் பதிப்பில் 9 நிலைகள் உண்டு. ஊருக்கெல்லாம் நகலெடுத்துக் கொடுங்கள் என்றே வெளியிட்டார்கள். ‘எல்லாம் இலவசம்’ என்று கூப்பிடும் முன்பின் தெரியாத தளங்களில் கை வைக்க வேண்டாம்.

படி 3: டாஸ்பாக்ஸை நிறுவி, ஒரு ஃபோல்டர் போடுங்கள்

டாஸ்பாக்ஸின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, வரும் பெட்டிகளுக்கெல்லாம் ‘நெக்ஸ்ட்’ கொடுத்தால் முடிந்தது. பிறகு சி டிரைவில் ‘கேம்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் ‘டேவ்’ என்று ஒன்று, ‘பிரின்ஸ்’ என்று ஒன்று. பெயர் 8 எழுத்துக்குள் இருக்கட்டும், நடுவில் இடைவெளி வேண்டாம். டாஸுக்கு அதுதான் கணக்கு.

படி 4: மூன்று வரி தட்டுங்கள்

டாஸ்பாக்ஸைத் திறந்தால் கறுப்புத் திரையில் கர்சர் துடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை.

முதல் வரி: மவுண்ட், இடைவெளி, சி, இடைவெளி, பிறகு சி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு, கேம்ஸ். என்டர். இதன் பொருள், ‘என் கேம்ஸ் ஃபோல்டரை உன் சி டிரைவாக வைத்துக்கொள்’ என்பதுதான். சி டிரைவ் முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள், அந்த ஒரு ஃபோல்டர் போதும்.

இரண்டாம் வரி: சி, முக்காற்புள்ளி. என்டர்.

மூன்றாம் வரி: சிடி, இடைவெளி, டேவ். என்டர். இப்போது ‘டேவ்’ என்று தட்டினால் விளையாட்டு வரும். வரவில்லையா? ‘டிர்’ என்று தட்டி, ‘இஎக்ஸ்இ’ என்று முடியும் கோப்பின் பெயர் என்ன என்று பாருங்கள். அந்தப் பெயரைத்தான் தட்ட வேண்டும்.

முழுத்திரை வேண்டுமென்றால் ஆல்ட்டும் என்டரும் சேர்த்து. மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கன்ட்ரோலும் எஃப்10-உம். முடித்துவிட்டு வெளியே வர ‘எக்ஸிட்’.

தினமும் இதைத் தட்ட அலுப்பாக இருந்தால், ஸ்டார்ட் மெனுவில் டாஸ்பாக்ஸ் ‘ஆப்ஷன்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் ஒரு நீளமான எழுத்துக் கோப்பு வரும். கடைசியில் ‘ஆட்டோஎக்ஸெக்’ என்ற தலைப்புக்குக் கீழே அந்த முதல் இரண்டு வரிகளை எழுதிச் சேமித்துவிடுங்கள்.

படி 5: வேகம்

இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘ஓடுது, ஆனா என்னவோ போல இருக்கு’ என்பார்கள். காரணம் இதுதான். பழைய விளையாட்டுகளில் சில, கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக ஓடும்படி எழுதப்பட்டவை. 1983-இல் வந்த டிக்கர் 4.77 மெகாஹெர்ட்ஸ் ஐபிஎம் கணினிக்காக எழுதப்பட்டது. அதை வேகமான கணினியில் போட்டால் கை வைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். 486 கேபினட்டுகளில் ‘டர்போ’ என்று ஒரு பட்டன் இருந்தது நினைவிருக்கிறதா? பழைய நிரல்களுக்காக வேகத்தைக் குறைக்கத்தான் அது.

டாஸ்பாக்ஸில் அந்த டர்போ பட்டனுக்குப் பதில் இரண்டு சாவிகள். கன்ட்ரோலும் எஃப்12-உம் அழுத்தினால் வேகம் கூடும், கன்ட்ரோலும் எஃப்11-உம் அழுத்தினால் குறையும். ஒவ்வொரு தட்டுக்கும் 10 சதவீதம். ஜன்னலின் மேல்விளிம்பில் ‘3000 சைக்கிள்ஸ்’ என்று எண் தெரியும். லேப்டாப்பில் எஃப் சாவிகள் ஒலி, வெளிச்சம் என்று மாறியிருந்தால் எஃப்என் சாவியையும் சேர்த்து அழுத்துங்கள். டிக்கருக்கு 300-க்குப் பக்கத்தில் இறக்குங்கள். டேவ் 3000-இல் தொடங்கட்டும்.

பிரின்ஸுக்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. இளவரசியைக் காப்பாற்ற மொத்தம் 60 நிமிடம். ஸ்பேஸ் சாவியைத் தட்டினால் மீதி எத்தனை நிமிடம் என்று கீழே காட்டும். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். ஆட்டத்தில் ஒரு நிமிடம் குறைய போனில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறதென்றால் வேகம் போதவில்லை. இரண்டும் ஒன்றாகும் வரை எஃப்12. அப்போதுதான் அந்த ஓட்டம் சரியாக வரும். மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு, வீடியோ எடுத்து, ஒவ்வொரு படமாகப் பார்த்து வரைந்த ஓட்டம் அது. வேகம் சரியாக இருந்தால், நிற்பதற்கு முன் ஆட்டத்தின் நாயகன் ஒரு நொடி வழுக்குவது கூடத் தெரியும். அந்த வழுக்கலை நம்பித்தான் நாம் பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறோம்.

படி 6: இருவர் ஆடுவது

டேவை ஒருவரே ஆடலாம். அம்புச்சாவிகளில் நடை, மேலம்பில் குதி. கோப்பையை எடுக்காமல் கதவு திறக்காது. ஜெட்பேக் கிடைத்தால் ஆல்ட் தட்டிப் பறக்கலாம். மொத்தம் 10 நிலைகள். இதை எழுதிய ஜான் ரொமேரோதான் பிறகு டூம் செய்தவர்களில் ஒருவர் என்று தெரிந்தபோது, எனக்குச் சொந்தக்காரர் ஒருவர் பெரிய ஆளானதைப் போல இருந்தது.

பிரின்ஸ் அப்படியில்லை. அதை இரண்டு பேர் ஆட வேண்டும். ஒருவர் அம்புச்சாவிகள், இன்னொருவர் ஷிஃப்ட். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு அம்பைத் தட்டினால் மெதுவாக ஓர் அடி வைப்பான். முள் நீட்டும் தரையை அப்படித்தான் கடக்க வேண்டும். தாவும்போது ஷிஃப்ட் அழுத்தியிருந்தால் எதிர்ச்சுவரின் விளிம்பைப் பிடித்துக்கொள்வான். வாள்சண்டையில் ஷிஃப்ட் என்றால் வெட்டு, மேலம்பு என்றால் தடுப்பு. முதல் நிலையிலேயே இடப்பக்கம் கீழ்த்தளத்தில் வாள் கிடக்கிறது. அதை எடுக்காமல் காவலனிடம் போகாதீர்கள்.

மஞ்சக்குப்பத்தில் அம்புகள் அண்ணனுக்கு, ஷிஃப்ட் எனக்கு. ‘விடாதே... விடாதே... இப்ப விடு!’ என்பார். ஒருமுறை 11 நிமிடம் மீதி இருக்கும்போது கரண்ட் போய், யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்த, சார் ஓடிவந்துவிட்டார்.

கோர்ஸ் முடிந்தும் பன்னிரண்டாம் நிலையில் மாட்டிக்கொண்டிருந்தோம். கண்ணாடியிலிருந்து பிரிந்துபோன நிழல் மனிதன் எதிரே நிற்பான். அவனை வெட்டினால் நம் உயிர்தான் குறையும். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி பஸ்ஸில் பாண்டிக்குப் போய், ஞாயிறு சந்தையில் பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு காலேஜ் பையனிடம் அண்ணன் கேட்டார். அவர் தலையைக் கூட நிமிர்த்தாமல், ‘வாளை உறைல போடுப்பா’ என்றார். கீழம்பு. அவ்வளவுதான். திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் பேசவே இல்லை.

படி 7: சேமிப்பது

பிரின்ஸில் மூன்றாம் நிலையிலிருந்து கன்ட்ரோலும் ஜி-யும் தட்டினால் ஆட்டம் சேமிக்கப்படும். அடுத்த முறை தொடக்கத்தில் கன்ட்ரோலும் எல்-உம். நிலையை மறுபடி முதலிலிருந்து ஆட கன்ட்ரோலும் ஏ-யும்.

போன சனிக்கிழமை அண்ணன் நெய்வேலியிலிருந்து மகளோடு வந்திருந்தார். அவளுக்கு 11 வயது. ‘அத்தை, அம்பு எனக்கு. நான் சொல்றப்ப நீங்க ஷிஃப்ட்டை அமுக்குங்க’ என்றாள். அண்ணன் பின்னால் நின்று ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நிலையில் எலும்புக்கூடு எழுந்து நின்றதும் அவள் கத்திய கத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். ‘வெட்டினா சாகாது, பின்னாலேயே தள்ளி பள்ளத்துல விழவை’ என்று அண்ணன் வாய் திறந்தது அப்போதுதான்.

41 நிமிடம் மீதி இருக்கிறது. கன்ட்ரோல்-ஜி தட்டி வைத்திருக்கிறோம்.